பட்டம், பார்வைக்கு மட்டும்

நொய்யல் பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலுக்குள் மெர்சி காலை எடுத்து வைத்ததும் ஜமாப் மேளம் வெடித்தது.

வேப்பமரத்தடியில் குந்தியிருந்தவர்கள் எப்போது எழுந்தார்கள், எப்போது மேளத்தைத் தோளில் மாட்டினார்கள் என்பது தெரியவில்லை. விழுந்த அடியில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் மலைப்பக்கம் போய்விட்டன. பட்டுப்பாவாடை கட்டிய மாணவிகள் ஓடிவந்து பன்னீர் தெளித்தார்கள். ஒரு பேராசிரியர் மெர்சியின் தோளில் பொன்னாடை போர்த்தினார். இன்னொருவர் அவள் கணவன் ஜெரோமின் கையில் பழக்கூடையைத் திணித்தார். கோட்டுப் போட்ட ஒருவர் முன்னால் வந்து, தங்கள் வருகையால் இந்த மண் பெருமை கொள்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மேளம் நின்றது.

"பழக்கூடை லேட்டு," என்றார் பொன்னாடைக்காரர். "சால்வையும் கூடையும் ஒண்ணா வரோணும். சித்தெ நேரம் கழிச்சு இன்னொருக்கா பார்க்கலாம்."

பொன்னாடையை உருவிக்கொண்டார்கள். ஜெரோமிடம் இருந்த கூடையையும் வாங்கி, ஆப்பிள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க சும்மா வந்தவங்க, சார்," என்றாள் மெர்சி.

"தெரியுங்க அம்மணி. இன்னைக்கு மத்தியக் கமிட்டி வருது. ஒத்திகை. வாசல்ல யார் வந்தாலும் வரவேற்கச் சொல்லி உத்தரவு. காலைல கேஸ் சிலிண்டர்காரருக்கே போர்த்தினோம்."

"சிலிண்டரை இறக்கி வெச்சப்பறமா?" என்று கேட்டான் ஜெரோம்.

"இல்லீங். தோள்ல இருந்துது. அதுக்கு மேலயே போர்த்திப்போட்டோம்."

மெர்சி முகத்திலிருந்த பன்னீரைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். கருமத்தம்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதித் தேறிவிட்டாள். திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. இது வெள்ளிக்கிழமை. அசல் பட்டச் சான்றிதழைக் கையில் கொண்டுபோனால் வேலை. இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த தற்காலிகச் சான்றிதழின் காலம் முடிந்துபோயிருந்தது. அதன் காலத்தை நீட்டிக் கொடுத்த சான்றிதழின் காலமும் முடிந்துபோயிருந்தது. அடுத்த தேர்வு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. வந்தாலும் அவளுக்கு வயது இடம் கொடுக்காது.

நொய்யல் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் இல்லாமல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. துணைவேந்தரைத் தேட ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவுக்கு மூன்றாவது உறுப்பினரை யார் நியமிப்பது என்பதில் வழக்கு வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் உறுப்பினர் ஓய்வு பெற்றுவிட்டார். எனவே பல்கலைக்கழகத்தில் எல்லாரும் பொறுப்பில் இருந்தார்கள். பதிவாளர் அறையில் 'பதிவாளர் (பொறுப்பு)' என்று பலகை. தேர்வாணையர் (பொறுப்பு). நூலகர் (பொறுப்பு). உணவகத்தில் பரோட்டா மாஸ்டர் கல்யாணத்துக்குப் போயிருந்ததால், தோசைக்கல் முன்னால் நின்றவர் தன்னை மாஸ்டர் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டார்.

துணைவேந்தரின் கார் மட்டும் முறையாக ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் ஓட்டுநர் அதை மாளிகையிலிருந்து கிளப்பி அலுவலகப் படிக்கட்டுக்குக் கொண்டுவருவார். காவலர் பின்கதவைத் திறந்து, காலி இருக்கைக்கு சல்யூட் அடித்து, கதவைச் சாத்துவார். மாலையில் அதே மாதிரி திரும்பிப் போகும். மெர்சியும் ஜெரோமும் வராந்தாவில் நிற்கும்போது கார் வந்து நின்றது. ஜெரோம் தன்னை அறியாமல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

"யாருங்க உள்ள?" என்று காவலரைக் கேட்டான்.

"யாருமில்லீங்க. மரியாதைக்கு."

*

சான்றிதழ்ப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. கண்காணிப்பாளர் பாலுசாமி ஐம்பதைத் தாண்டிய, யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். மெர்சியின் பதிவு எண்ணைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"உங்க பட்டம் தயார்ங்க அம்மணி."

மெர்சி ஜெரோமின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அச்சடிச்சாச்சு. முத்திரை போட்டாச்சு. டிஷ்யூ பேப்பர் சுத்தி பீரோவுல பத்திரமா இருக்குதுங்க. துணைவேந்தர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"துணைவேந்தர் இல்லீங்களே."

"அதுனாலதானுங்க பாக்கி."

இதற்கு முன்னாலும் மெர்சி இங்கே இரண்டு தடவை வந்திருக்கிறாள். பட்டம் இன்னும் அச்சாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாம் தடவை கோபம் வந்தது. இந்தத் தடவை என்ன வரும் என்று அவளே காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"வேணும்னா பார்த்துட்டுப் போங்க," என்றார் பாலுசாமி. "பார்வை நேரம் ஆயிருச்சு."

"என்னத்தைங்க பார்க்கறது?"

"பட்டத்தைத்தானுங்க."

எதிரே ஒரு கூடம். வாசலில் பலகை: 'பட்டச் சான்றிதழ்கள் பார்வை நேரம் 11 முதல் 12 வரை. தொடக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. செருப்பை வெளியே விடவும்.' இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டம் கேட்டு வந்தவர்கள் தகராறு செய்தபோது, அப்போதிருந்த தேர்வாணையர் பொறுப்பு, கொடுக்க முடியாவிட்டாலும் காட்டலாமே என்று ஒரு யோசனை சொன்னார். விதியில் காட்டக் கூடாது என்று எங்கும் இல்லை. அன்று தொடங்கியது. இப்போது வெளியூர்களிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். பார்த்துவிட்டு, மலையடிவாரத்துக் கோயிலுக்கும் போய்விட்டு, வயிறாரச் சாப்பிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

கூடத்தில் ஏற்கெனவே உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கூட்டம் நின்றது. தேங்காய் மண்டி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் பட்டத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். பெண் ஓரமாக நின்றாள். பாலுசாமி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, டிஷ்யூ தாளை விலக்கி, சான்றிதழை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். எல்லாரும் கிட்டத்தில் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"கையெழுத்து எங்கீங்க?"

"அது இன்னும் வரலீங்க."

"இங்க ஆருக்குமே வரலீங்களா, இந்தப் புள்ளைக்கு மட்டும் வரலியா?"

"ஆருக்கும் வரலீங்க."

"அப்பச் சரி." மாமா திருப்தியோடு நிமிர்ந்தார். "காயிதம் நல்ல கனமா இருக்குது. பேசி முடிச்சுரலாம்."

பிறகு மெர்சியின் பட்டம். மேலே யானையும் பஞ்சும் பொறித்த சின்னம். நடுவில் அவள் பெயர், தங்க நிறக் கொடிகளுக்கு இடையில். கீழே வலது மூலையில் 'துணைவேந்தர்' என்ற எழுத்து; அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம். மெர்சி அந்த இடத்தையே பார்த்தாள்.

"இனிஷியல் சரியா இருக்குதான்னு பாருங்க அம்மணி. தப்புன்னா மாத்திக் குடுக்க வழி இருக்குது. கையெழுத்துக்குத்தான் வழியில்லை."

"சரியா இருக்குதுங்க."

பாலுசாமி சான்றிதழை மறுபடி சுற்றினார். சுற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "இன்னைக்கு ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர் சென்னகேசவன் சார் மெட்ராஸ்ல இருந்து வாராருங்க. துணைவேந்தர் இல்லாதப்ப, அவசரம்னா அவரே கையெழுத்துப் போடலாம்னு விதி இருக்குது. இதுவரைக்கும் ஆரோட அவசரத்தையும் அவர் அவசரம்னு ஒத்துக்கலை. எதுக்கும் பதிவாளரைப் பாருங்க."

*

பதிவாளர் (பொறுப்பு) சசிதர் இயற்பியல் பேராசிரியர். மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியர் பிரத்யுஷா ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"சார், அந்த மில் ஓனரும் வரலையாம். மண்டபத்துல இருக்காராம்."

"எந்த மண்டபம்?"

"பீளமேடு. தங்கச்சி பொண்ணு கல்யாணம். முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் திருப்பூர் மண்டபத்துல இருக்கார். செயலாளர் வீட்டுலயே கல்யாணம்."

நடந்தது இதுதான். மத்திய மதிப்பீட்டுக் குழு, வருகைக்கு மூன்று தேதிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. பல்கலைக்கழகம் ஆட்சிக்குழுவைக் கூட்டி, பஞ்சாங்கத்தைப் பார்த்து, மூன்றில் மிக நல்ல நாளைத் தேர்ந்தெடுத்தது. அந்த நாள் மற்ற எல்லாருக்கும் நல்ல நாளாகத்தான் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு வரைக்கும் ஒரு மண்டபம் காலியில்லை. பேராசிரியர்களில் பாதிப்பேர் மொய் வைக்கப் போய்விட்டார்கள். மாணவர்கள் பந்தி பரிமாறப் போய்விட்டார்கள். குழுவின் முன்னால் மேடையேறிப் பேச வேண்டிய, சாதித்த முன்னாள் மாணவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு முன் வரிசையில் சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தார்கள்.

மெர்சி தன் திங்கட்கிழமையைச் சொன்னாள். சசிதர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"அம்மணி, நீங்க நம்ம பழைய ஸ்டூடண்டா?"

"ஆமாங்க சார். எம்.எஸ்சி. பாட்டனி."

"அரசு ஆசிரியர் ஆயிட்டீங்களா?"

"ஆகப் போறேங்க. பட்டம் கைக்கு வந்தா."

"அப்ப ஆயிட்டீங்கன்னே வெச்சுக்கலாம்." அவர் எழுந்துவிட்டார். "பிரத்யுஷா, சாதனையாளர் கிடைச்சாச்சு. ஏனுங்க அம்மணி, மேடையேறி ரெண்டு வார்த்தை பேசணும். இந்தப் பல்கலைக்கழகம்தான் என்னை அரசு ஆசிரியர் ஆக்குச்சுன்னு."

"இன்னும் ஆக்கலீங்களே, சார்."

"நீங்க பேசுங்க, ஆக்கிடறோம். கமிட்டி போனதும் சென்னகேசவன் சார்கிட்ட நானே நின்னு கையெழுத்து வாங்கித் தாரேன். இன்னைக்கே. என் பையன் மேல சத்தியம்."

மெர்சி ஜெரோமைப் பார்த்தாள். "பேசிட்டு வாங்கிரு," என்றான் அவன். கால்டாக்சி ஓட்டுகிறவன். காத்திருக்கப் பழகியவன்.

"பேசறேங்க. இங்கிலீஷ்ல பேசட்டுங்களா?"

"வேண்டாம் வேண்டாம். தமிழ்லயே பேசுங்க. மண்வாசனையா இருக்கும். பிரத்யுஷா மேடம் இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லுவாங்க." சசிதர் பார்வை ஜெரோமின் மீது விழுந்தது. "இவரு யாரு? வீட்டுக்காரரா? படிப்பாருங்களா?"

"பேப்பர் படிப்பேனுங்க."

"போதும். நூலகத்துல யாருமே இல்லை."

*

கமிட்டி வந்தது. ஜமாப் அடித்தது. சால்வையும் பழக்கூடையும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. குழுத் தலைவர் வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர். படியைக் கண்டால் நின்று, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறினார்.

நூலகத்தில் ஜெரோமைக் கண்டார்கள். அவனோடு தோட்டக்காரர்கள் இரண்டு பேரும், சற்று முன் மேளம் அடித்தவர்களும் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜெரோமின் கையில் தென்னை நோய்கள் பற்றிய ஆய்வேடு. தலைவர் அவன் தோள்மீது கைவைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிரத்யுஷா மொழிபெயர்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க. ஆனா ஏழாம் பக்கத்துல இருந்து எல்லாம் ஒட்டியே இருக்குதுங்க, மேடம். ஆரும் பிரிக்கவே இல்லையாட்ட இருக்குது."

பிரத்யுஷா ஒரு நொடி யோசித்தாள். "புத்தகங்களை இங்கே புதிதுபோலவே வைத்திருக்கிறார்கள் என்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தலைவர் குறித்துக்கொண்டார்.

அரங்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மின்விசிறிக் காற்றில் அணைந்ததால் மீண்டும் ஏற்றினார்கள். மெர்சி மேடையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் காலையில் உருவிய அதே பொன்னாடை இருந்தது. எதிரே கூட்டம் நிறைந்திருந்தது. முன் இரண்டு வரிசையில் பேராசிரியர்கள். பின்னால் பக்கத்து மேல்நிலைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து, சீருடைக்கு மேல் அங்கி போட்டு உட்கார வைத்திருந்த பிள்ளைகள்.

சசிதர் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைப் பேச எழுந்தார்.

"மதிப்புக்குரிய குழுவினர் அவர்களே. இந்த இடம் ஒரு காலத்தில் சோளக்காடாக இருந்தது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஒரு வேலை தருவதாக அன்றைக்குச் சொன்னோம். இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொன்ன சொல் மாறாத நிறுவனம் இது."

கைதட்டினார்கள்.

"நொய்யல் ஆற்றைப் பற்றி நாங்கள் செய்திருக்கும் ஆராய்ச்சிக்கு அளவே கிடையாது. ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. உண்மையில், தண்ணீர் நின்ற பிறகுதான் ஆராய்ச்சியாளர்களால் உள்ளே இறங்கிப் பார்க்க முடிந்தது. எங்கள் தேர்வு முடிவுகள் அவசரப்பட்டு வெளியாவதில்லை. காத்திருக்கும் காலத்தில் எங்கள் மாணவர்கள் வேறு எங்காவது படித்து, வேலையிலும் சேர்ந்துவிடுகிறார்கள். வேலைவாய்ப்பில் எங்கள் பங்களிப்பு அது. நான்கு ஆண்டுகளாக எங்களுக்குத் துணைவேந்தர் இல்லை. எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு நிறுவனத்தின் உறுதிக்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?"

மறுபடி கைதட்டினார்கள். காலியாக விடப்பட்டிருந்த துணைவேந்தர் நாற்காலிக்கும் சேர்த்து ஒரு பூங்கொத்து வைத்தார்கள்.

அடுத்து சென்னகேசவன். சென்னையில் பெரிய அதிகாரி. துணைவேந்தர் இல்லாத பல பல்கலைக்கழகங்களுக்கு அவரே ஒருங்கிணைப்பாளர் என்பதால், கார்க்கதவைத் திறக்கும்போது எந்த ஊர் என்று உதவியாளரைக் கேட்டுக்கொள்வது அவர் வழக்கம். இன்று கதவைத் திறந்ததும் ஜமாப் அடித்ததில் பதில் காதில் விழவில்லை.

"இந்தக் கடலோரப் பகுதியின் ஏழை எளிய மீனவ மக்களுக்கு," என்று அவர் தொடங்கினார், "கலங்கரை விளக்கமாகத் திகழ்வது இந்தப் பல்கலைக்கழகம்."

யாரும் திருத்தவில்லை. முன் வரிசைப் பேராசிரியர் ஒருவர் ஆமோதித்துத் தலையசைத்தார். பிரத்யுஷா அதை அறிவுக் கடல் என்று மொழிபெயர்த்தாள். அவர் துறைமுக விரிவாக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் தடித்த கறுப்புப் பேனா இருந்தது. மெர்சி பேச்சு முழுக்க அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தது. ஒலிபெருக்கி அவளைவிட உயரத்தில் இருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் மெர்சி. கருமத்தம்பட்டி. எங்கப்பா தோட்டங்காட்டுக் கூலி வேலைக்குப் போனவரு. எங்க ஊட்டுல எம்.எஸ்சி. படிச்சது நான்தான். இந்தப் பல்கலைக்கழகம்..." ஒரு கணம் நிறுத்தினாள். சசிதர் வாயசைத்துக் காட்டினார். "என்னை அரசு ஆசிரியர் ஆக்குச்சுங்க."

கைதட்டினார்கள். அவள் உட்காரத் திரும்பும்போது குழுத் தலைவர் கையை உயர்த்தினார். முழங்கால் வலியிலிருந்து அவர் கவனம் அப்போதுதான் விலகியிருந்தது. பிரத்யுஷா அவர் கேள்வியைச் சொன்னாள்.

"சார் கேக்கறாரு, உங்க பட்டம் உங்களுக்குக் கிடைச்சுதா?"

சசிதரின் உதடு அசைவது நின்றுவிட்டது. கிடைச்சுது என்று சொன்னால் பொய். கிடைக்கலை என்று சொன்னால் அந்தப் பேனா சென்னைக்குப் போய்விடும். மெர்சிக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் தெம்பு இல்லை. நடந்ததை மட்டும் சொன்னாள்.

"பார்த்தேங்க."

"பார்த்தீங்களா?"

"காலைல காட்டினாங்க. ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

பிரத்யுஷா சசிதரைப் பார்த்தாள். சசிதர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கள் மாணவர்களின் பட்டங்கள் பொதுமக்கள் யாரும் நேரில் வந்து பார்க்கும் வகையில் திறந்த நிலையில் பாதுகாக்கப்படுகின்றன" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். நாடு முழுக்கச் சுற்றிய மனிதர். இதை அவர் எங்கும் கேட்டதில்லை. பார்க்க வேண்டும் என்றார்.

*

கூடம் பூட்டியிருந்தது. பாலுசாமி வெளியே நாற்காலி போட்டு டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"திறங்க, பாலுசாமி," என்றார் சசிதர்.

"பார்வை நேரம் முடிஞ்சுதுங்க சார்."

"கமிட்டிங்க!"

"பலகைல கமிட்டிக்குன்னு தனி நேரம் எதுவும் போடலீங்களே."

சசிதருக்கு வியர்த்தது. பிரத்யுஷா நிலைமையை விளக்கினாள். தலைவர் மட்டும் பாலுசாமியை வியப்போடு பார்த்தார். விதியை இப்படிக் காப்பாற்றும் ஊழியரை அவர் சமீபத்தில் கண்டதில்லையாம். சென்னகேசவன் வாய்மொழி உத்தரவு கொடுத்தார். பாலுசாமி கையைக் கழுவி, கையுறை மாட்டி, கதவைத் திறந்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள்.

பீரோக்கள் சுவர் முழுக்க நின்றன. தலைவர் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். டிஷ்யூ தாளின் சரசரப்பைக் கேட்டார். இவற்றில் ஏதாவது தொலைந்திருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லீங்க. ஒண்ணுகூட இந்தக் கதவைத் தாண்டிப் போனதில்லீங்க."

போலிப் பட்டப் புகார்கள்?

"வாய்ப்பே இல்லீங்க. அசலையே ஆரும் வெளிய கண்டதில்லை. எதைப் பார்த்துப் போலி அடிப்பாங்க?"

இதை மொழிபெயர்க்கும்போது பிரத்யுஷா எதையும் மாற்றவில்லை. தேவைப்படவில்லை.

மாலையில் நிறைவுக் கூட்டம் நடந்தது. தலைவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். மற்ற இடங்களில் பட்டங்கள் தாமதமாகின்றன, கிழிகின்றன, கறைபடுகின்றன, போலியாகின்றன. இங்கே ஒரு பட்டமும் கெடவில்லை. இந்தப் பார்வைக் கூடத்தை நாட்டுக்கே முன்மாதிரியான நடைமுறையாகக் குழு பதிவு செய்கிறது. மிக உயர்ந்த தரநிலைக்குப் பரிந்துரைக்கிறது. நடைமுறை தொடர்கிறதா என்று ஆண்டுதோறும் ஒரு ஆள் வந்து பார்ப்பார்.

ஜமாப் அடித்தது. பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மைசூர்பாக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனவர்கள் சந்தனப் பொட்டோடு திரும்பி வந்து, தாங்களும் அங்கேயே இருந்ததுபோல் கைதட்டினார்கள். கமிட்டியின் கார்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பின. அவற்றின் பின்னாலேயே துணைவேந்தரின் கார் காலியாக மாளிகைக்குத் திரும்பியது.

மெர்சியும் ஜெரோமும் பதிவாளர் அறை வாசலில் நின்றார்கள்.

"நீ போட்ட போட்டுலதான் கெலிச்சாங்க, கண்ணு," என்றான் ஜெரோம். "ஒரு பட்டம் என்ன, ரெண்டே குடுக்கலாம்."

மெர்சியின் கையில் மைசூர்பாக் அப்படியே இருந்தது.

சசிதர் சொன்ன சொல்லை மறக்கவில்லை. அவரே வெளியே வந்து அவளை உள்ளே அழைத்துப் போனார். சென்னகேசவன் சோபாவில் சாய்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நல்ல மனநிலை தெரிந்தது.

"இந்தப் பொண்ணுதானா? பிரமாதமாப் பேசினேம்மா. பார்த்தேன்னு சொன்னே பாரு. ஒரே வார்த்தை. எத்தனை நாளா இதுக்கு அலையறே?"

"ரெண்டு வருஷமாங்க சார்."

"அடப்பாவமே. ஒரு கையெழுத்துக்கா? கொண்டாங்கய்யா அதை."

பாலுசாமி ஏற்கெனவே கையுறையோடு நின்றிருந்தார். சான்றிதழை மேசையில் விரித்து, வலது மூலையை விரலால் காட்டினார். சென்னகேசவன் இளநீரை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். ஜெரோம் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். மெர்சி சான்றிதழை வாங்க, மைசூர்பாக்கின் நெய் பட்ட கையைத் துடைத்துக்கொண்டாள்.

பேனா முனை அந்த வெற்றிடத்துக்கு நேராக இறங்கியது. தாளைத் தொடாமல் நின்றது.

சென்னகேசவன் நிமிர்ந்து சசிதரைப் பார்த்தார். "இவளுக்குப் போட்டா, மத்தவங்களும் வருவாங்க இல்லே?"

"வருவாங்க சார்."

"அவங்களுக்கும் போட வேண்டி வரும்."

"ஆமாங்க சார். எல்லாருக்கும் வரும்."

"அந்தக் கூடம்?"

பாலுசாமி பீரோக்கள் இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சார்," என்றாள் மெர்சி, "திங்கட்கிழமைங்க. விட்டா எனக்கு இந்த வேலை கிடைக்காதுங்க."

சென்னகேசவன் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். எழுந்து வந்து, அவள் தலையில் மகளுக்கு வைப்பதுபோல் கைவைத்தார்.

"புரியுதும்மா. ஆனா எல்லாத்தையும் கொடுத்துட்டா, அடுத்த வருஷம் அவங்க வர்றப்ப நாங்க எதைம்மா காட்டுறது?"